சாகக் கிடக்கிறவர் வீட்டுக்கு வாறார்: வன்னி மேடைக்கு 50 நிமிட நாடகம், ஆலோசனை தேவை

பாலைநிழல் எழுதியது:

கதை இதுதான். கிளிநொச்சிக்கு மேற்கை ஒரு குடியேற்றக் கிராமம். 68 வயதுக் கமக்காரர். ஈரல் புற்றுநோய், ஆஸ்பத்திரியிலை துண்டு வெட்டி "இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ" எண்டு அனுப்பிவிட்டாங்கள். வீட்டிலை மனிசி, கலியாணம் கட்டின மகள், மருமகன், 10 வயதுப் பேத்தி. இளைய மகன் சுவிஸிலை இருந்து வந்து நிக்கிறான். மூத்தவன் 2009க்குப் பிறகு இல்லை. இருக்கிறானோ இல்லையோ எண்டும் தெரியாது. சாகிறதுக்கு முதல் காணிக்கு உறுதி எழுதவேணும் எண்டு பிள்ளையள் அவசரப்படுகினம். அவர் பிடிகுடுக்கிறார் இல்லை. கடைசியிலை ஒரு நீண்ட வசனம் பேசிச் சாகிறார், ஒப்பாரியோடை திரை.

பங்குனியிலை பாடசாலைத் திறந்தவெளி மேடையிலை போடுற யோசனை. மேடை 24 அடிக்கு 16 அடி, உயரம் 3 அடி. சனம் மணலிலை இருக்கும், பின்னுக்குக் கதிரை. படுக்கையை எங்கை போடுறது, சத்தம் எப்பிடிக் கடைசி வரிசைக்குப் போகும், முடிவு சரியோ எண்டு சொல்லுங்கோ.

---

களரிக்கட்டை எழுதியது:

முதல் படுக்கை. பாயிலை படுக்க வைக்கிற எண்ணம் இருந்தால் இப்பவே விட்டிடுங்கோ. மணலிலை சப்பாணி கட்டி இருக்கிற ஆளின்ரை கண் மட்டம் 2½ அடி. உங்கடை மேடை 3 அடி. முன்வரிசை மேடையிலை இருந்து 4 அடியிலை இருந்தால், விளிம்பிலை இருந்து 8 அடி உள்ளுக்கு, தளத்துக்கு மேலை 1 அடி வரைக்கும் அவைக்கு ஒண்டும் தெரியாது. படுத்த மனிசன் 9 அங்குலம்தான். கதாநாயகன் இல்லாத நாடகம் மாதிரி இருக்கும். இருமல் மட்டும் எங்கையோ இருந்து வரும்.

கட்டில் வேணும், சட்டம் 18 அங்குல உயரம். விளிம்பிலை இருந்து 4, 5 அடிக்குள்ளை. நேர்பக்கமாப் போட்டால் ஒரு பக்கத்துச் சனத்துக்கு முகம் தெரியாது. கால் சனத்தைப் பாக்கப் போட்டால் உள்ளங்கால் ரெண்டும் முகத்தை மறைக்கும். தலைமாடு பின்னுக்கும் கால்மாடு முன்னுக்குமா, மேடை விளிம்புக்கு ஒரு 30 பாகை சரிச்சுப் போடுங்கோ. தலையணையை அடுக்காதேங்கோ, ரெண்டாவது காட்சியிலையே சரிஞ்சு போகும். 2 அடி நீளப் பலகை ஒண்டின்ரை ஒரு நுனியை 1 அடி உயரக் கட்டையிலை ஏத்தி மெத்தைக்குக் கீழை வைச்சால் முதுகு 30 பாகையிலை நிக்கும். நோய் முத்த முத்தக் கட்டையைச் சின்னனாக்குங்கோ. ஆள் தாழ்ந்து போறது சனத்துக்குச் சொல்லாமலே விளங்கும்.

கட்டிலை வீட்டுக்குள்ளை காட்டத் தேவையில்லை. விறாந்தையிலை போடுங்கோ. வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி, சீற் கூரை, மத்தியானம் அறைக்குள்ளை இருக்க ஏலாது. நோயாளியை விறாந்தையிலைதான் கிடத்துவினம், வாறவை போறவையும் அங்கைதான் பாப்பினம். செற் செலவும் மிச்சம்: ஒரு வாசல் நிலை, ஒரு யன்னல், முன்னுக்கு ரெண்டு தூண். சுவரைப் பூசாத சீமெந்துக் கல்லா விடுங்கோ.

---

முதிரைவேர் எழுதியது:

எழுத்துப் பிரதியிலை அடிப்படைப் பிழை ஒண்டு கிடக்கு. குடியேற்றக் கிராமத்துக் காணிக்கு இவர் எப்பிடி உறுதி எழுதுவார்? அது அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழை குடுத்த பெர்மிற், அதாவது காணி அனுமதிப்பத்திரம். விக்கவோ மூண்டு துண்டாப் பிரிச்சு எழுதவோ நினைச்சபடி ஏலாது. பெர்மிற்காரர் செய்யிறது பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்கிறது. அதுக்கு வழமையாப் பிரதேச செயலகத்துக் காணிப் பகுதிக்குத்தான் போறது. வன்னிச் சனத்துக்கு இது தண்ணிபட்டபாடு. "உறுதி" எண்ட சொல்லு வந்த உடனை முன்வரிசையிலை ஒரு அப்பு "உது யாழ்ப்பாணக் கதை" எண்டு சொல்லிப்போட்டு வெத்திலையைப் பிரிப்பார்.

ஆனால் இதைத் திருத்தினால் நாடகம் இன்னும் பலமாகும். பெர்மிற்றிலை பின்னுரித்தாளரா மூத்தவன்ரை பெயர் ஏற்கெனவே பதிஞ்சு கிடக்கு எண்டு வையுங்கோ. 80களிலை காணி குடுக்கேக்கை மூத்த ஆண்பிள்ளையின்ரை பெயரைப் போடுறதுதான் வழமை. இப்ப அதை மாத்தி மகளின்ரை பெயரைப் போடவேணும். மாத்தினால் மூத்தவன் இல்லை எண்டு தேப்பன் தன்ரை கையாலை எழுதினதாப் போகும். மாத்தாமல் செத்தால் இல்லாத பிள்ளையின்ரை பெயரிலை காணி நிண்டு, மகள் கந்தோர் கந்தோரா அலைய வேணும். வில்லன் ஒருத்தரும் இல்லை, எல்லாற்றை பக்கமும் ஞாயம். காணிச் சண்டை எண்டு நினைச்சுப் பாக்க வந்த சனம் வேறை இடத்திலை போய் நிக்கும்.

மருமகன் வாயிலை ஒரு விசயத்தைக் குடுங்கோ: 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு மரணச் சான்றிதழ் எடுக்காமல், காணாமல்போனதுக்கான சான்றிதழ் ஒண்டு எடுக்கலாம். அவன் நல்லெண்ணத்தோடை அதைச் சொல்ல, மாமி எழும்பிக் குசினிக்குப் போறா. அவவுக்கு அந்த இடத்திலை வசனம் தேவையில்லை.

பெர்மிற்றைப் புதுக் கடதாசியிலை அச்சடிச்சுக் கொண்டுவராதேங்கோ. தேத்தண்ணிச் சாயத்திலை தோய்ச்சு, எட்டா மடிச்சு, மடிப்பு நைஞ்சு கிழிய விட்டு, பழைய பொலித்தீன் பை ரெண்டுக்குள்ளை சுத்தி, றப்பர் பாண்ட் போடுங்கோ. இடம்பெயர்ந்த வீடுகளிலை கடதாசி தப்பினது உந்தப் பைக்குள்ளைதான். பை பிரிபடுற சத்தத்தையே மைக் நல்லா எடுக்கும்.

---

வெள்ளைச்சீலை எழுதியது:

நோயைப் பற்றி. மேடையிலை சாகிற ஆக்கள் எல்லாரும் நெஞ்சைப் பிடிச்சு இருமி, கையை நீட்டி, தலையைச் சரிப்பினம். ஈரல் புற்றுநோய்க்காரர் அப்பிடிச் சாகிறேல்லை. கண்ணும் தோலும் மஞ்சளாகும், வயிறு ஊதும், கை கால் மெலியும், நாளுக்குநாள் நித்திரை கூடும். சாப்பாடு வெறுக்கும். கடைசி ஒண்டு ரெண்டு நாளிலை பாதமும் விரலும் குளிரும், போர்வையை விரலாலை நுள்ளி நுள்ளி இழுப்பினம்.

மூச்சு மெல்ல மெல்லப் பெருத்து, மெல்ல மெல்லச் சிறுத்து, அப்பிடியே நிக்கும். 10 விநாடி, 20 விநாடி. பிறகு திரும்பத் தொடங்கும். இந்த நிப்புத்தான் மேடையிலை உங்கடை ஆயுதம். முதல் தரம் நிக்கேக்கை குடும்பம் பதறவேணும். ரெண்டாந்தரம் மகள் மட்டும் திரும்பிப் பாக்கவேணும். மூண்டாந்தரம் எல்லாரும் தங்கடை கதையிலை இருக்க, பேத்தி மட்டும் எண்ணத் தொடங்கவேணும். நடிகர் உண்மையா இழுத்து இழுத்து மூச்சு விட்டால் ரெண்டு நிமிசத்திலை தலைசுத்தி விரல் விறைக்கும். ஆகவே காத்தை இழுக்காமல் தோளையும் வயித்தையும் மட்டும் அசைச்சு, வெளிவிடுற மூச்சிலை மட்டும் சத்தம் போடப் பழக்குங்கோ. பின்வரிசைக்குத் தெரிய, போர்வைக்குக் கீழை கையை வயித்திலை வைச்சு மூச்சோடை கையை உயர்த்தலாம்.

மருந்து: பிரதியிலை யாரோ ஊசி போடுறதா இருந்தால் எடுத்துவிடுங்கோ. வீட்டிலை குடுக்கிறது வாயாலை குடிக்கிற மோர்பின், வழமையா 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. மகளின்ரை போன் அலாரம் அடிக்கவேணும். உங்கடை காட்சிப் பிரிப்பு அதிலையே கிடக்கு: காலமை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10. ஒவ்வொரு அலாரத்துக்கும் வேறை ஆள் எழும்பி வரவேணும். இரவு 10 மணி அலாரத்தை ஆர் நிப்பாட்டினம் எண்டதை யோசிச்சு எழுதுங்கோ.

சுவிஸ் மகன் "சேலைன் ஏத்துங்கோ, தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" எண்டு நிப்பான், அது உண்மையாவே நடக்கிறது. கடைசி நேரத்திலை தண்ணி ஏத்தினால் உடம்பு தாங்காது, கால் வீங்கும், நெஞ்சிலை சளி கட்டிச் சேடம் கூடும். இதை ஒரு வரியிலை ஆராவது சொல்லட்டும். வகுப்பு எடுக்காதேங்கோ.

---

தாளக்கட்டு எழுதியது:

கடைசி நீண்ட வசனம் வேண்டாம். வெள்ளைச்சீலை சொன்ன மூச்சோடை ஒரு ஆள் ஒரு மூச்சுக்கு நாலு சொல்லு சொல்லலாம், அதுவும் கஷ்டப்பட்டு. அவற்றை வசனம் முழுதையும் எடுத்து மற்றவைக்குப் பிரிச்சுக் குடுங்கோ. முதல் காட்சியிலை அவருக்கு 20 வரி இருந்தால், மூண்டாவதிலை 6, கடைசியிலை "விடுங்கோ", "இருக்கட்டும்", "தண்ணி" இதுக்கு மேலை போகக்கூடாது. செத்த வீட்டுக் கதையைச் சாகிறவர் சொல்லத் தேவையில்லை, வீடு சொல்லும்: ஆர் அடுப்பைப் பத்த வைக்கினம், ஆர் மாட்டை அவிட்டுக் கட்டினம், ஆர் போனிலை வெளிநாட்டுக்குக் கதைக்கினம், ஆருக்கு நித்திரை இல்லை.

கதைக்கிற முறையும் கவனம். மனிசி புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது, "இஞ்சாருங்கோ". அவர் மனிசியை "இஞ்சேரும்". பிள்ளையள் "ஐயா" எண்டால் கடைசிவரைக்கும் "ஐயா"தான், ஒரு காட்சியிலை "அப்பா" வரக்கூடாது. பேத்தி மகளின்ரை பிள்ளை, ஆகவே "அம்மப்பா". சுவிஸ் மகன் வெளிநாட்டுத் தமிழ் கதைச்சுச் சிரிப்புக் காட்டவேண்டாம். அவனும் அந்த மண்ணிலை 20 வயதுவரைக்கும் இருந்தவன். சனம் சிரிச்சால் பிறகு அவன்ரை துக்கம் எடுபடாது.

இன்னொண்டு, அவர் ஆசைப்பட்டுப் பாலைப்பழம் கேக்கிறதா வைச்சால் கதை சோழகக் காலத்திலை, தென்மேல் காத்து அடிக்கிற மாதங்களிலை, நடக்கவேணும். மாரி வசனத்தை வைச்சுக்கொண்டு பாலைப்பழம் கேட்டால் பத்து வயதுப் பொடியனே பிழை பிடிப்பான்.

---

பாலைநிழல் எழுதியது:

பெர்மிற் விசயம் தலையிலை அடிச்ச மாதிரி இருக்கு, நன்றி முதிரைவேர். பிரதி முழுக்க அதை வைச்சுத் திருப்பி எழுதுறம். கதை ஆனி மாதத்திலை நடக்கிறதாவே வைப்பம், பாலைப்பழம் இருக்கட்டும். ஆனால் பழம் பங்குனியிலை கிடையாதே? அவர் ஆஸ்பத்திரியிலை இருந்து வீட்டை வாற காட்சியிலையும் ஒரு குழப்பம்: சனத்துக்கு நடுவாலை அவரை லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியிலை ஏத்திக்கொண்டு வந்து மேடைக்கு ஏத்தினால் என்ன?

---

களரிக்கட்டை எழுதியது:

செய்யாதேங்கோ. லான்ட்மாஸ்ரர் சனத்துக்கை வந்தால் எல்லாரும் எழும்புவினம், போன் வெளிச்சம் அடிக்கும், பிறகு இருத்த 10 நிமிசம். டீசல் புகை வேறை. அதோடை, ஆளைத் தூக்கி 3 அடி மேடைக்கு 7 அங்குலப் படி ஐஞ்சாலை இருட்டிலை ஏத்தவேணும்.

உண்மையான மெசினையே வையுங்கோ, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் வேலிக்கு அங்காலை, 30 மீற்றர் தள்ளி. மேடையிலை மனிசி விறாந்தை கூட்டிக்கொண்டு நிக்க, தூரத்திலை சத்தம் கேக்கவேணும். கிட்ட வரவர அவ கூட்டுறதை நிப்பாட்டிறா. மெசின் நிக்கேக்கை கடைசியா ரெண்டு மூண்டு தரம் உதறி நிக்கும் பாருங்கோ, அந்த உதறலுக்குப் பிறகு வாற அமைதி பதிவுசெய்த சத்தத்திலை கிடைக்காது. முதல் வசனத்தை அதுக்குப் பிறகு வையுங்கோ. மெசின் ஓடேக்கை ஒருத்தரும் கதைக்கக்கூடாது, கதைச்சாலும் கேக்காது.

தூக்கிக்கொண்டு வாறது பக்கத் திரைக்குள்ளாலை. பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம். சரிச்சுத் தூக்கினால் பின்கால் ரெண்டும் அகண்டு உடையும். மரக்கதிரை, முதுகு உயரமானது. ஒருத்தர் முதுகுச் சட்டத்தை, மற்றவர் முன்கால் ரெண்டையும் பிடிச்சு, கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குச் சரிச்சுக் கொண்டுவரவேணும். நடிகர் கையை நெஞ்சிலை கட்டிக்கொள்ளட்டும், வாசல் நிலையைப் பிடிச்சால் மூண்டு பேரும் விழுவினம். விறாந்தைப் படி எண்டு செற்றிலை ஒண்டும் வைக்காதேங்கோ. முதல் ஒத்திகையிலை 25 கிலோ அரிசி மூட்டை ரெண்டை வைச்சுத் தூக்கிப் பழகுங்கோ, பிறகு ஆள்.

பாலைப்பழத்துக்குப் பதில் பேரீச்சம்பழத்தைச் சின்னனா வெட்டினால் தூரத்துக்கு ஒண்டுதான். உண்மைப் பழம் கிடைச்சாலும் வேண்டாம், பால் சொண்டிலை ஒட்டிப் பிடிச்சு வசனம் போகும். சரிஞ்சு கிடக்கிற நடிகர் எதையும் விழுங்கவும் கூடாது, புரைக்கேறும். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் அவர் தலையை ஆட்டி மறுக்கிறதுதான் காட்சிக்கும் நல்லது. பழத்தைப் பேத்தி தின்னட்டும்.

---

ஒலிப்பெட்டி எழுதியது:

சத்தம். திறந்தவெளியிலை மேலை தொங்கவிடுற மைக் நாலு வைச்சுச் சமாளிக்கிற பழக்கம் இருக்கு. குசுகுசுத்துக் கதைக்கிற நாடகத்துக்கு அது சரிவராது: சத்தத்தைக் கூட்டக் கூட்டக் கூவத் தொடங்கும். ஸ்பீக்கர் ரெண்டும் மேடை விளிம்புக்கு முன்னுக்கு, சனத்தைப் பாக்க நிக்கவேணும். மைக் எல்லாம் அதுக்குப் பின்னாலை. மேடைக்குள்ளை மொனிற்றர், அதாவது நடிகரைப் பாக்க வைக்கிற ஸ்பீக்கர், வேண்டவே வேண்டாம்.

கட்டிலிலை கிடக்கிறவருக்குத் தனியா ஒரு கொலர் மைக். சட்டையிலை குத்தினால் போர்வை உரசிச் சரசர எண்டு நாடகம் முழுக்கக் கேக்கும். தலைமயிர் எல்லையிலை, நெத்திக்கு மேலை, மருந்துப் பிளாஸ்ரராலை ஒட்டுங்கோ. பெட்டியை இடுப்பிலை கட்டினால் படுக்க ஏலாது, கணுக்காலிலை அல்லது மெத்தைக்குப் பக்கத்திலை. பற்றரி ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் புதுசு. ஒத்திகையிலை பாவிச்சதைப் போட்டால் சாகிற காட்சியிலை அதுவும் சாகும். மிச்ச ஆக்களுக்கு, கட்டில் கால்மாட்டிலை சட்டத்தோடை மறைச்சு ஒண்டு, தூணிலை ஒண்டு. வீட்டுக்காறர் எல்லாரும் கட்டிலைச் சுத்தித்தான் நிப்பினம், போதும்.

பங்குனி எண்டது நல்ல தெரிவு. வைகாசிக்குப் பிறகு சோழகம் அடிச்சால் மைக் முழுக்கக் காத்து இரைச்சல், பின்திரை பாய்மரம் மாதிரி இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை கதைக்கவே தேவையில்லை, மழையோடை வெளிச்சத்துக்கு ஈசலும் வரும். மைக்குக்குப் பஞ்சுறை எப்பிடியும் போடுங்கோ.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி முதலே எடுங்கோ. வழமையா இரவு 10 மணிக்குப் பிறகு ஏலாது. எங்கடை ஊர் விழாவிலை வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை முடிய 9 மணி ஆகிறது உலக வழமை. நாடகத்தை முதல் போடுங்கோ, பொன்னாடையைப் பிறகு போத்துங்கோ. பங்குனியிலை 6.20 போலை பொழுது படும், 7 மணிக்குத்தான் வெளிச்சம் எடுபடும். 7க்குத் தொடங்கி 8க்குள்ளை முடிச்சால் தூரத்துச் சனமும் வீட்டை போகலாம்.

---

அரிக்கன்லாம்பு எழுதியது:

ஜெனரேற்றர் 3 கே.வி.ஏ. போதும். கணக்கு: 500 வாற் ஹலோஜன் ரெண்டு, எல்.ஈ.டி. பார் ஆறு, அம்பிளிபையர், எல்லாம் சேர 2 கிலோவாற் சொச்சம். 50 மீற்றர் தள்ளி, காத்துக் கீழ்ப்பக்கமா வையுங்கோ. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர். மெல்லிசு வயரை நீட்டினால் வோல்ற்றேஜ் விழுந்து, அம்பிளிபையர் பலமா இழுக்கிற நேரமெல்லாம் லைற் மங்கும். றிப் சுவிச் (கரண்ட் ஒழுகினால் தானா நிப்பாட்டிற சுவிச்) இல்லாமல் மேடைக்குக் கரண்ட் குடுக்காதேங்கோ, மணல் ஈரமா இருக்கும். பெற்றோல் நாடகத்துக்கு முதலே நிரப்பவேணும், ஓடேக்கை ஊத்தக்கூடாது.

முழு நாளும் ஒரு விறாந்தையிலை கழியிறதாலை வெளிச்சம்தான் நேரத்தைச் சொல்லவேணும். பின்னேரச் சரிவுக்கு ஹலோஜன் பாவியுங்கோ, குறைக்கக் குறைக்க மஞ்சளாகிச் சிவக்கும். எல்.ஈ.டி. குறையேக்கை நிறம் மாறாது, வெறுமனே மங்கும், மலிவானது துடிக்கும். ஹலோஜனைக் குறைக்கிறதுக்கு ஃபான் றெகுலேற்றரைப் போடுற ஆக்கள் இருக்கினம். அது ஒரு காத்தாடிக்குச் செய்தது. 500 வாற்றுக்குச் சூடேறி உருகும். கலர்க் கடதாசி ஹலோஜனிலை ஒட்டக்கூடாது, ஒரு அடி தள்ளிக் கம்பியிலை பிடியுங்கோ.

இரவுக் காட்சிக்கு அரிக்கன் லாம்பு வைச்சால் உள்ளுக்குச் சின்ன 3 வாற் மஞ்சள் பல்ப், சிமினிக்கு உள்பக்கம் கொஞ்சம் கரி. உண்மைத் திரி கிடுகுக்குக் கிட்ட வேண்டாம். கரண்ட் இருக்கிற வீட்டிலை லாம்பு ஏன் எண்டு கேப்பினம், கரண்ட் போறதை ஒரு சம்பவமா வைச்சால் போச்சு. போகேக்கை பேத்தி போன் ரோச்சை அடிக்க, அந்த வெள்ளை வெளிச்சம் அம்மப்பான்ரை முகத்திலை விழவேணும். அந்த ஒரு இடத்துக்குத்தான் மேக்கப்பை நல்லாச் செய்யவேணும்.

---

வெள்ளைச்சீலை எழுதியது:

மேக்கப்புக்கு: முகத்துக்குப் பவுடர் அப்பி வெள்ளையாக்கிறதுதான் வழமையான பிழை. எங்கடை நிறத்து ஆள் நோயிலை வெளுக்கிறேல்லை, சாம்பல் படரும். மஞ்சள் கலந்த மண்ணிற அடித்தளம், அதிலை கன்னக்குழி, கண்குழி, காதடிக்குக் கடும் மண்ணிறம், கடைசியா விரல் நுனியாலை மெல்லிசாச் சாம்பல். எல்.ஈ.டி. வெள்ளையிலை மஞ்சள் பச்சையாத் தெரியும். அதே வெளிச்சத்திலை, 30 அடி தள்ளி நிண்டு பாத்துத்தான் முடிவெடுக்கவேணும். சொண்டு வெடிப்புக்கு முட்டை வெள்ளைக்கரு பூசிக் காயவிட்டால் சுருங்கி வெடிக்கும்.

மெலிவை முகத்தை விட உடுப்பு நல்லாக் காட்டும். ரெண்டு அளவு பெரிய சேட், கழுத்துப் பொத்தான் பூட்டினபடி. கைமணிக்கூடு: முதல் காட்சியிலை கையை உயர்த்தேக்கை அது முழங்கைக்குச் சறுக்கவேணும். கலியாண மோதிரத்திலை நூல் சுத்தி இறுக்கியிருக்கவேணும். மனிசி அவருக்குக் கை துடைக்கேக்கை அந்த நூலை ஒருக்காச் சரிசெய்யட்டும். வயித்து வீக்கத்துக்குப் பழைய சீலையை மடிச்சுக் கட்டுங்கோ, தலையணை வைச்சால் புள்ளைத்தாச்சி மாதிரி உருண்டு நிக்கும்.

---

மன்னார்க்கரை எழுதியது:

குடும்பம் வேதக்காறரா, கத்தோலிக்கரா இருந்தால் சாமியார் வந்து நோயில் பூசுற காட்சி வரும், பாவசங்கீர்த்தனமும் அதோடை. அப்பிடி மாத்தினால் பெர்மிற் விசயத்தை அவர் சாமியாருக்கு மட்டும் சொல்லலாம், சாமியார் வெளியிலை சொல்ல ஏலாது. மாந்தை, மடுப் பக்கத்துக் குழுக்கள் போடுறதெண்டால் யோசியுங்கோ.

---

தாளக்கட்டு எழுதியது:

நல்ல யோசனைதான், ஆனால் அது வேறை நாடகம். இதிலை அவர் ஒருத்தருக்கும் சொல்லாததுதான் பலம்.

ஒப்பாரிக்கு வாறன். கோயில் வீதியிலை இல்லாமல் பாடசாலையிலை போடுறது நல்லது. திருவிழாக் காலத்திலை கோயில் வளவிலை பிணம் கிடத்துற காட்சிக்கு ஒருத்தரும் சம்மதிக்காயினம். பாடசாலையிலையும் பறை அடிக்கிறதைத் தவிருங்கோ. தூரத்து வீட்டுக்குக் கேட்டால் உண்மையா ஆரோ செத்துப்போச்சினம் எண்டு ஆள் வரும்.

ஒப்பாரி சொல்லுறது கவனம். வன்னியிலை முன்னுக்கு இருக்கிற பொம்பிளையள் பாதிப் பேர் ஆரையாவது குடுத்தவை. முழு ஒப்பாரி மேடையிலை தொடங்கினால் கீழையும் தொடங்கும், பிறகு நாடகம் உங்கடை கையிலை இல்லை. திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கிறது, வாய்க்கரிசி, பந்தம் எண்டு சடங்கு முழுக்கக் காட்டிற குழுக்கள் இருக்கினம். அது அரைமணித்தியாலச் சடங்கு, அதுவரைக்கும் கட்டின முறுகல் எல்லாம் கரைஞ்சு போகும். செத்தபிறகு ஒரே ஒரு செய்கை போதும்: கட்டிலைத் திருப்பித் தலைமாடு தெற்குக்கு வைக்கிறது. உண்மையான தெற்கு எது எண்டு மேடை போடேக்கையே பாத்து வையுங்கோ, சனம் கட்டாயம் பாக்கும். கட்டிலின்ரை முதல் கிடையை அதுக்கேத்த மாதிரித் தெரிஞ்செடுத்தால் கால்வாசித் திருப்பலோடை முடிஞ்சிடும்.

---

முதிரைவேர் எழுதியது:

மூத்தவன்ரை படத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. சுவரிலை படம் இருக்கவேணும், மாலை இருக்கக்கூடாது, பொட்டு இருக்கக்கூடாது, முன்னுக்கு விளக்கு இருக்கக்கூடாது. பக்கத்திலை அவற்றை தாய் தேப்பன்ரை படத்துக்கு மாலை இருக்கட்டும். ரெண்டையும் ஒருமிக்கப் பாக்கிற வன்னிச் சனத்துக்கு வேறை விளக்கம் வேண்டாம். 2017 பெப்ரவரி 20இலை கிளிநொச்சியிலை தாய்மார் தொடங்கின தொடர் போராட்டத்திலையும் பிள்ளையளின்ரை படத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டுதான் இருந்தவை. தொழில்நுட்பமாச் சொன்னால், பிறேமிலை கண்ணாடியைக் கழட்டுங்கோ, இல்லாட்டி லைற் தெறிச்சு வெள்ளைச் சதுரம்தான் தெரியும். படம் 12 அங்குலத்துக்கு 15க்குக் குறையக்கூடாது, மேல்பக்கம் கொஞ்சம் முன்னுக்குச் சரியவேணும். உண்மையான ஒரு ஆளின்ரை படத்தைப் பாவிக்காதேங்கோ, நடிகர் ஒருவரைப் படம் பிடியுங்கோ.

மூத்தவனை ஆவியாவோ கனவாவோ வெள்ளை உடுப்போடை மேடைக்குக் கொண்டுவர எண்ணம் வந்தால் அதை அடக்குங்கோ. அவன் செத்துப்போனான் எண்டு நீங்கள் அறிவிச்சதாப் போகும். அந்த உரிமை நாடகக்காறருக்கு இல்லை.

முடிவு: இரவு 10 மணி அலாரம் அடிக்குது. மகள் பெர்மிற்றையும் பேனையையும் தேப்பன்ரை கையுக்கை வைச்சிருக்கிறாள். அவர் மாத்தினாரோ இல்லையோ எண்டு காட்டாதேங்கோ. பையை மனிசி வாங்கி, பாக்காமல் மடிச்சு, றப்பர் பாண்ட் போட்டு, இருந்த இடத்திலை வைக்கட்டும்.

---

பாலைநிழல் எழுதியது:

மகள் பாவம் இல்லையோ அப்ப? அவளுக்கு ஒரு விடை வேணுமே.

---

முதிரைவேர் எழுதியது:

பாவம்தான். அவளுக்கு விடை வேணும் எண்டு சனம் வீட்டை போய்ச் சண்டை பிடிக்கட்டும். விருப்பமெண்டால் இரண்டாவது காட்சியிலை அவளுக்கு ஒரு வரி குடுங்கோ: "அண்ணா வந்தால் நான் குடுக்க மாட்டனே ஐயா?" அது உண்மையான கேள்வி, அவருக்கும் மறுமொழி இல்லை.

---

ஒலிப்பெட்டி எழுதியது:

செத்தபிறகு நடிகர் மூச்சு விடுறது முன்வரிசைக்குத் தெரியும், பொடியள் "சாகேல்லை, சாகேல்லை" எண்டு கத்துவாங்கள். போர்வையை இறுக்கி இழுக்காமல் மடிப்பு மடிப்பா நெஞ்சிலை விடுங்கோ, கையைப் பக்கத்திலை கிடத்துங்கோ. அடுத்த அசைவை மேடையின்ரை மற்றப் பக்கத்திலை குடுத்தால் கண் அங்கை போகும். கொலர் மைக்கை அந்த நிமிசமே மூடவேணும், இல்லாட்டி செத்தவர் தொண்டை செருமுறது ஊருக்கே கேக்கும். மிக்சரிலை அதுக்குத் தனி ஆள் ஒருத்தர், பிரதியோடை இருக்கட்டும்.

---

பாலைநிழல் எழுதியது:

கடைசியா ஒண்டு. முடிய எல்லாரும் வந்து வணக்கம் சொல்லுற வழமை. செத்தவர் கட்டிலிலை இருந்து எழும்பினால் சிரிப்பாங்களே?

---

களரிக்கட்டை எழுதியது:

சிரிப்பாங்கள்தான், சின்னப்பிள்ளையள் சிலது பயப்பிடும். கட்டிலிலை இருந்து எழும்புறதைக் காட்டாதேங்கோ. லைற்றை முழுக்க அணைச்சு 10 விநாடி விட்டு, அவர் பக்கத் திரைக்குள்ளை போகவேணும். கட்டில் விளிம்பிலை இருந்து திரை வரைக்கும் தரையிலை இருட்டிலை ஒளிருற ரேப் ஒட்டி விட்டால் தடக்காது. திரும்ப லைற் வரேக்கை கட்டில் வெறுமையா இருக்க, மற்ற நடிகர்கள் முதல் வந்து நிக்கட்டும், அவர் கடைசியா நடந்து வரட்டும், வயித்துக் கட்டை அவிட்டுப்போட்டு. அறிவிப்பாளரிட்டை முதலே சொல்லி வையுங்கோ, இருட்டு வந்த உடனை மைக்கைப் பிடிச்சு "அடுத்த நிகழ்ச்சியாக" எண்டு தொடங்கக்கூடாது.